மழை எழுப்பும் சுவர்

(நன்னிலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘இயற்கையும் மனித உணர்வும்’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. பெரிய தலைப்பு. அதில் எதை வேண்டுமானாலும் பேசலாம், எதையும் பேசாமலே ஒரு மணி நேரத்தை ஓட்டியும் விடலாம். நான் அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காற்றும் மழையும் அடித்துக் கொட்டுகிற வேளையில் சிலர் ஒதுங்க இடம் தேடாமல் வெளியிலேயே நிற்கிறார்கள். மனத்துக்குள் அடைந்து கிடப்பதை அழுதோ கத்தியோ தீர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதற்கு எல்லோரிடமும் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. மனிதன் அழும்போது வானமும் சேர்ந்து அழுகிறது என்பார்கள். திரைப்படத்தில் நாயகன் மனம் உடைந்தால் அடுத்த காட்சியில் மழை பெய்தே தீரும். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1856-லேயே கவிஞர்களின் இந்த வழக்கத்துக்குப் பெயர் வைத்துக் குறை சொன்னார். நம் மனநிலையை இயற்கையின் தலையில் கட்டுகிறோம் என்பது அவர் கட்சி. நான் அவரோடும் முழுக்கச் சேரவில்லை. மழை நமக்காக அழுவதில்லை, உண்மைதான். ஆனால் மழை நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அது நம் குரல் ஊர்க்காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறது. வயலும் வாய்க்காலும் தெருவுமாகப் பரந்து கிடக்கும் இந்தக் காவிரிச் சமவெளியில், ஒரு மனிதருக்குத் தனியறை கிடைப்பது அடைமழையில் மட்டும்தான். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரே கருத்தைச் சுற்றித்தான்.

1.

முதலில் நிலம். நன்னிலத்திலிருந்து முடிகொண்டான் பக்கமோ பூந்தோட்டம் பக்கமோ போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய வரை மேடு என்று ஒன்று கிடையாது. வரப்பில் ஒருவர் நடந்தால், அடுத்த ஊர்க் களத்தில் நிற்பவர் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். வீடுகளும் அப்படித்தான். ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்ட ஓட்டு வீடுகள். அதற்கும் வழியில்லாதவர்களுக்குக் கீற்றுத் தட்டிதான் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுக்குக் கஷாயம் கொதிக்கும். நல்லதுதான். ஆனால் அதே தட்டி வழியாக இந்தப் பக்கத்து விம்மலும் அந்தப் பக்கம் போகும். மறுநாள் காலையில் குழாயடியில் நாலு பேர் என்னவென்று விசாரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குறிஞ்சிக்காரருக்குச் சரிவு இருக்கிறது, பாறை இடுக்கு இருக்கிறது. நெய்தல்காரருக்குக் கடல் இருக்கிறது. மருதத்துக்காரருக்கு இரண்டும் இல்லை. தொல்காப்பிய மரபு ஐந்து நிலத்துக்கும் ஐந்து உரிப்பொருளை வகுத்ததில் நெய்தலுக்கு இரங்கலும் மருதத்துக்கு ஊடலும் கிடைத்தன. இதற்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் உங்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லாத ஒன்றை என் ஊகமாகச் சேர்க்கிறேன். இரங்கலுக்கு ஓசை வேண்டும். அலை ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் கரையில் ஒருத்தி வாய்விட்டுப் புலம்பலாம்; பத்தடி தள்ளி வலை உலர்த்துபவருக்குக் கேட்காது. மருதத்தில் அந்த இரைச்சல் கிடையாது. எனவே வருத்தம் சொல்லாகாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. வாயிலை மறித்துக்கொண்டு, முகம் கொடுக்காமல், சோறு மட்டும் போட்டு. ஊடல் என்பது வாய் திறக்க இடமில்லாத நிலத்தின் கோபம்.

ஐப்பசி பிறந்ததும் இந்த நிலைமை மாறுகிறது. இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதமும் மருதத்துக்குக் கடலோசை கடனாகக் கிடைக்கிறது. தகரக் கொட்டகையின் மேல் ஐப்பசி மழை விழும்போது அதற்குள் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். நான் சொல்ல வருவது விளங்கிவிடும்.

2.

குறுந்தொகையில் இரண்டு பாட்டுகளை எதிரெதிரே வைக்கலாம். ஒன்று 28ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. காற்று சுழன்று அலைக்கிறது, ஊர் உறங்குகிறது, தலைவிக்கு உறக்கம் இல்லை. எதிலாவது போய் முட்டிக்கொள்வதா, யாரையாவது அடிப்பதா, ஏதோ ஒரு சாக்கை வைத்துக்கொண்டு பெருங்குரலில் கூவிவிடுவதா என்று தெரியாமல் தவிக்கிறாள். இதைப் பாலைத் திணையில் சேர்த்திருக்கிறார்கள். தமிழில் அடக்கிய கூச்சலுக்கு இதைவிடப் பழைய, இதைவிட நேரான சான்று நான் பார்த்ததில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவள் கூவுவதில்லை. கூவலாமா என்று கேட்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது. ஏன்? வீசுவது வெறும் அசைகாற்று. அது அவளை அலைக்கழிக்கும், அவள் குரலை மறைக்காது. அவள் வாயைத் திறந்தால் உறங்கும் ஊர் விழித்துக்கொள்ளும். அதனால்தான் அவளுக்குச் சாக்கு தேவைப்படுகிறது. அன்றிரவு இடியும் மழையும் இருந்திருந்தால் சாக்கே வேண்டியிருக்காது. பாட்டும் நமக்குக் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

மற்றது 163ஆம் பாட்டு, அம்மூவனார் பாடிய நெய்தல். அங்கே தலைவி கடலைப் பார்த்துப் பேசுகிறாள். நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே, உன்னை இப்படி வருத்தியவர் யார் என்று கடலிடமே கேட்கிறாள். கடல் அவளுக்காக அழுகிறது என்று அவள் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு துயரம் இருப்பதாக எண்ணி விசாரிக்கிறாள். ஆனால் அவளால் வாய் திறந்து பேச முடிகிறது. ஔவையார் காட்டும் பெண்ணுக்குக் கிடைக்காத வசதி இவளுக்குக் கடலால் கிடைத்திருக்கிறது.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் எட்டாம் திருமொழி முழுக்க மேகங்களிடம் பேசுவதுதான். வேங்கடத்து மேகங்களைத் தூது போகச் சொல்லிப் பத்துப் பாசுரம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அண்ணாந்து பார்த்துச் சொல்கிறாள். பக்தி இலக்கியம் என்பதால் இதன் சாதாரண மனித முகம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நம் காலத்துக்கு வந்தால் 1986-இல் மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தும் நாயகி வீட்டுக்குப் போகாமல் மழையில் ஆடி நேரத்தைக் கடத்துவாள். வீட்டில் சொல்லிப் பயனில்லாத மறுப்பை அவள் மழைக்குள் சொல்லித் தீர்த்துக்கொள்கிறாள். வீடு திரும்பினால் வந்தவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள்; அது மழையின் குற்றமல்ல.

3.

ஏட்டை விட்டு வயலுக்கு வருவோம். குறுவை அறுத்த கையோடு தாளடி நடவு. பெரும்பாலும் மழைக்குள்தான் அந்த வேலை நடக்கும். அச்சுதமங்கலம் பக்கத்தில் ஒரு தாளடி நடவை நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வரிசையாகக் குனிந்திருந்தார்கள். தூறல் திடீரென்று வலுத்தது, எதிர்க்கரை மறைந்தது. யாரும் கரையேறவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த ஒருவர், காலையிலிருந்து யாரோடும் பேசாதவர், நிமிர்ந்தார். இடக்கையில் நாற்று முடி. வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் முழங்கை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. கொங்காணியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எவர் பக்கமும் திரும்பாமல், பெரிதாக ஒரு சத்தம் போட்டார். அதில் சொல் எதுவும் இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இன்னொரு முறை. பிறகு குனிந்து விட்ட இடத்திலிருந்து நட்டுக்கொண்டே போனார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நடவுப் பாட்டை மட்டும் கொஞ்சம் உரக்கப் பாடினார்கள். அந்த உரப்பில் எவ்வளவு நயம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. மழை போட்ட திரை போதாமல் அவர்களும் ஒரு மடிப்புச் சேர்த்துப் போட்டார்கள்.

‘நம் பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறதே, அழ இடமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பு, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இந்த நான்கில் ஊர் கூடி அழ அனுமதிப்பது இழவு ஒன்றுக்குத்தான். அதற்குப் பந்தல் உண்டு, பறை உண்டு, கட்டிப்பிடித்து அழ ஆள் உண்டு, வழிவழியாக வந்த பாட்டு உண்டு. மாமியார் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு யார் பந்தல் போடுவார்கள்? அடகில் மூழ்கிப்போன தோட்டுக்கு யார் பறை அடிப்பார்கள்? எழவு வீட்டில் அழுகிற பெண்கள் தங்கள் சொந்தக் குறையையும் ஒப்பாரிக்குள் நைசாகச் சேர்த்து அழுதுவிடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதற்கு எழவு விழ வேண்டும். மற்ற மூன்று அழுகைக்கும் மழைதான் வழி.

ஆண்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு ஒப்பாரியும் கிடையாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கிற விவசாயியை நினைத்துப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வானம் இருட்டுகிறது. தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் வருகிறது. அதன் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மழையைத் திட்டுகிறார். திட்டு மழைக்குப் போகிறதா, கொள்முதலுக்குப் போகிறதா, கடன் கொடுத்தவருக்குப் போகிறதா என்று யாரும் கேட்க முடியாது. கண்ணில் வழிவது என்ன தண்ணீர் என்றும் யாருக்கும் தெரியாது.

கீழத்தஞ்சையின் பழைய கதையையும் ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பண்ணைகள் இவை. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940-களில் சங்கம் கட்டிய பிறகுதான் சேரியின் குரல் தெருவரை வந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு பண்ணையாள் ஒருவர் எங்கே நின்று வாய்விட்டுக் கத்தியிருப்பார்? நடவுப் பாட்டில் காரியக்காரரைக் கேலி செய்யும் அடிகள் பாட்டு என்ற போர்வையில் தப்பித்தன. போர்வை இல்லாத சொற்கள் எங்கே போயின என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை, இருக்கவும் முடியாது. யார் காதிலும் விழக்கூடாது என்று சொன்ன சொற்கள் அவை.

4.

மழை மனிதரை அழவிடுகிறது என்றேன். நம் ஊர்ச் சடங்குகளில் இது தலைகீழாகவும் நடக்கிறது: மழை வர வேண்டுமென்று மனிதர்கள் அழுகிறார்கள். வானம் பொய்த்த ஆண்டுகளில் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறும் கஞ்சியும் வாங்கி, பொது இடத்தில் கலந்து உண்டு, ஊரைவிட்டே போகப்போகிறோம் என்று ஒப்பாரி வைப்பது மழைச்சோறு. வைக்கோலால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போய், மாரடித்து அழுது, சுடுகாட்டில் கொளுத்துவது இன்னொன்று. உண்மையான பிணம் இல்லாமல் ஊரே அழுவதற்கு மரபு தந்த வாய்ப்பு அது. சடங்கு முடிந்து மழை வந்ததா இல்லையா என்பதைவிட, அந்த வறட்சியில் அடைபட்டுக் கிடந்த பயத்தை ஊர் கூடி வெளியே கொட்டியது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த ஊர்ப் பெருங்கோயிலைப் பாடிய சுந்தரரின் திருப்புன்கூர்ப் பதிகத்தில் மழை வேண்டிப் பன்னிரண்டு வேலி, பெய்த மழை நிற்க வேண்டி இன்னொரு பன்னிரண்டு வேலி இறைவனுக்குக் கொடுத்த செய்தி வருகிறது. காவிரிக் கரையில் மழை எப்போதும் இப்படித்தான். வந்தாலும் அழுகை, வராவிட்டாலும் அழுகை.

இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று பெரியவர்கள் குரல் கொடுப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பயத்தைத் தொண்டைக்குள் விழுங்காமல் கத்தித் தீர்க்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

5.

எந்தப் புயலும் எந்தக் காற்றும் மனத்தைத் திறந்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதைக் காட்டப் பாரதியைத் துணைக்கு அழைக்கிறேன்.

பாரதியின் ‘மழை’ பாட்டு ஜதியோடு ஓடுகிறது. இடிக்கும் மின்னலுக்கும் ஈடுகொடுத்து ஆடுகிற ஒருவனின் பாட்டு அது. அதே பாரதி ‘புயற் காற்று’ என்றும் எழுதினார். நள வருஷம் கார்த்திகை 8, புதன்கிழமை இரவு என்று தலைப்போடு நாளும் குறித்திருக்கிறார். அதாவது 1916 நவம்பர் 22. புதுச்சேரியில் அடித்த புயல். அங்கே பேசுபவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஆட்டம் இல்லை, ஜதி இல்லை. நேற்று வரை குடியிருந்த வீட்டில் இன்றைக்கும் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்ற நடுக்கமும், காப்பாற்றிய தெய்வத்தின் மேல் நன்றியும்தான். மறுநாள் பார்த்ததை ‘பிழைத்த தென்னந்தோப்பு’ ஆக்கினார். மழைக்கு ஆடியவர் புயலுக்கு ஆடவில்லை. உயிர்ப் பயம் வந்துவிட்டால் வேறு எந்த உணர்ச்சிக்கும் அங்கே இடம் இருப்பதில்லை.

டெல்டாவுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கே பெரியவர்கள் வயதைப் புயலை வைத்துக் கணக்குச் சொல்வார்கள். ‘அம்பத்திரெண்டு புயலுக்கு நான் கைக்குழந்தை’, ‘எழுபத்தேழு புயலப்ப கல்யாணமாகி ஒரு வருசம்’ என்று. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, இரண்டும் நாகப்பட்டினம் கரையைக் கடந்தவை. பிறகு கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அந்த இரவில் யாரும் வெளியே நின்று அழவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஓடு பறக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அழுகை விடிந்த பிறகு வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கங்களில் சாய்ந்து கிடந்த தென்னையின் மேல் விழுந்து, இறந்த பிள்ளையை அழுவது போல் அழுதார்கள். 1916-இன் தோப்பு பிழைத்தது, 2018-இன் தோப்பு பிழைக்கவில்லை. பிழைக்காத தோப்புக்குப் பாட்டு எழுத ஒரு பாரதி இல்லாததால், பெண்கள் தெரிந்த ஒப்பாரியையே மரத்துக்கும் வைத்தார்கள். மெய்ப்பாட்டியல் சொன்ன இழவும் வறுமையும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்த காலை அது.

அதற்கடுத்த நாட்கள்தான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. மின்கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்விசிறியும் தொலைக்காட்சியும் இல்லாத ராத்திரி. நிற்கிற மரமே குறைந்துபோனதால் ஓலை உரசும் சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெருமூச்சு வரைக்கும் கேட்கிற அமைதி. அழுவதற்கு அத்தனை காரணம் இருந்தும் மறைவு மட்டும் இல்லாத நாட்கள்.

6.

இப்படிக் கொட்டித் தீர்ப்பதால் பயன் உண்டா? மேலைநாட்டில் இதை நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றிச் சொன்னதை 1895-இல் பிராயரும் பிராய்டும் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடக்கியதை வெளியே விட்டால் நோய் குறையும் என்றார்கள். 1970-இல் ஆர்தர் ஜானோவ் அலறுவதையே சிகிச்சையாக்கிப் புத்தகம் எழுதினார். 2020-இல், கொரோனா முடக்கத்தின்போது, ஐஸ்லாந்தின் சுற்றுலா விளம்பரக்காரர்கள் உலகத்தாரின் அலறலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, ஆளில்லாத வெளிகளில் ஒலிபெருக்கி வைத்து ஒலிபரப்பினார்கள். அவர்களுக்கு ஆளில்லாத வெளி நிறைய இருக்கிறது. குவளைக்கால் ரோட்டில் அப்படி ஒரு பெட்டியை வைத்தால் பத்து நிமிடத்தில் பஞ்சாயத்துக் கூடிவிடும்.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மேன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 600 மாணவர்கள் பங்கேற்றார்கள். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். எனவே மழையில் நின்று எதிராளியைப் பெயர் சொல்லித் திட்டினால் மனம் ஆறிவிடும் என்று நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த நடவு வயலில் நான் கேட்டதில் பெயர் ஏதும் இல்லை. எதிராளியும் இல்லை. குத்துமூட்டைக்கு ஒரு முகம் வேண்டும். மழைக்கு முகம் கிடையாது. இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அவர் தனியாக இருந்தார், தனியாக இல்லாமலும் இருந்தார். எட்டடி தூரத்தில் பத்துப் பேர் கேட்காதது போல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்து அமைகிற ஆய்வுக்கூடத்தை யாராவது கட்டினால் நான் போய்ப் பார்க்கத் தயார்.

7.

கடைசியாக நடைமுறை விஷயங்கள் இரண்டு. இங்கே மாணவர்கள் அதிகம் என்பதால் முதலாவதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பேசியது மழையைப் பற்றி, மின்னலைப் பற்றி அல்ல. திறந்த வயலில் நிமிர்ந்து நிற்பவர்தான் சுற்று வட்டாரத்தில் உயரமான பொருள். இந்த மாவட்டங்களில் மின்னல் தாக்கி இறப்பவர்களில் நடவிலும் மேய்ச்சலிலும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் வந்துவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனிமரத்தடி கூடாது, மோட்டார்க் கொட்டகையின் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். இடி இல்லாத அடைமழை ஐப்பசி, கார்த்திகையில் தாராளமாகவே பெய்கிறது. அழுகிறவர்கள் அதற்குக் காத்திருக்கலாம்.

இரண்டாவது, வயலே மாறிக்கொண்டிருக்கிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது. பல ஊர்களில் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். வரிசையாகக் குனிந்து நிற்கிற பத்துப் பெண்கள் இல்லாத இடத்தில், கேட்காதது போல் இருக்கவும் ஆள் இல்லை. கீற்றும் ஓடும் போய்த் தளம் போட்ட வீடுகள் வந்துவிட்டன. அவற்றுக்குள் மழை பெய்வது ஜன்னலைத் திறந்தால்தான் தெரிகிறது. பழைய கூரைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்து வளர்ந்தவர்கள் அந்த ஆசைப்பட மாட்டார்கள். இடுப்பு ஒடிய நட்டவர்களிடம் இயந்திரம் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு இந்தத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடர் அலறிக்கொண்டிருக்கும். காது மந்தமா, ஏன் இவ்வளவு சத்தம் வைக்கிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவன்தான். இப்போது வேறொரு சந்தேகம் வருகிறது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால், அடுப்படியில், யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரு அறியாது. நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வு செய்ய முன்வரும் மாணவர் யாரேனும் இங்கே இருந்தால், தலைப்பு வேண்டுமென்று என்னிடம் வந்து கேட்க வேண்டாம். அந்த ஏழு மணித் தெருவிலிருந்து தொடங்கலாம்.